பழைய காரில் உதறல்: காரணம் காணும் முறை

மோட்டார் வண்டியின் எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் சக்கரங்களைச் சென்றடையும் வழியில் கிளட்ச், கியர் பெட்டி, புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் ஆகிய உறுப்புகளைக் கடந்து செல்கிறது. வண்டி புதிதாக இருக்கும்வரை இத்தகைய தொடர் ஒன்று இருப்பதே ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. ஆண்டுகள் சென்றபின், வண்டி கிளம்பும்போதோ குறிப்பிட்ட ஒரு வேகத்தை எட்டும்போதோ, உட்கார்ந்திருப்பவர் உடல் குலுங்கும்படியான உதறல் தோன்றுகிறது. பட்டறையில் காட்டினால், கியர் பெட்டியை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்ற தீர்ப்பே பெரும்பாலும் கிடைக்கும்.

இத்தீர்ப்பை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கியர் பெட்டிக்குள் பற்களோ பேரிங்குகளோ தேய்ந்தால் அது பொதுவாக ஓசையினால் தன்னை அறிவிக்கும். இரையும், கியர் மாற்றும்போது கரகரக்கும், சில சமயம் கியர் தானாகவே விடுபடும். உதறல் அதன் வழக்கமான அடையாளமன்று. பெட்டியை இறக்கி ஏற்றுவது ஒரு நாள் வேலை. அதன்பிறகும் உதறல் நீங்காவிடில் செலவும் வீண், காலமும் வீண். தடுப்பூசிப் பெட்டியையோ விதை மூட்டைகளையோ சுமந்து ஊர் ஊராகச் செல்லும் வண்டி பட்டறையில் நின்றால், அன்றைய பணியும் நின்றுவிடுகிறது. ஆகவே திருகுச்சாவியைக் கையில் எடுப்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த உறுப்பு கெட்டது?" என்பதன்று, "எப்பொழுது உதறுகிறது?" என்பதே. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதா, மேட்டில் சுமையோடு ஏறும்போதா, சமதளத்தில் குறிப்பிட்ட வேகத்திலா என்று பிரித்தறிந்தால், காரணத்தின் இருப்பிடம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய கார்களுள் இரண்டை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒன்று, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசிடர். இது எஞ்சின் முன்னும், உந்தும் சக்கரங்கள் பின்னும், இடையே நீண்ட ஷாஃப்டும் கொண்ட பழைய அமைப்பு. ஜீப்பின் பின்புற அமைப்பும் இதுவே. மற்றொன்று, 1983-இல் வெளிவந்த மாருதி 800. இதில் முன் சக்கரங்களே உந்துவதால் நீண்ட ஷாஃப்ட் இல்லை. இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டபோதிலும், பராமரிப்பில் அக்கறையுள்ளோர் கைகளில் இவ்வண்டிகளை இன்றும் காணலாம். தொழிற்பயிற்சி மாணவர்க்கு ஆற்றல் கடத்தலைக் கண்முன் காட்ட அம்பாசிடரைவிடத் தெளிவான வண்டி கிடைப்பது அரிது. அடியில் குனிந்து பார்த்தாலே எல்லாம் தெரியும்.

கிளம்பும்போது உதறல்

முதல் கியரிலோ பின்கியரிலோ கிளட்ச் பெடலை மெல்ல விடும்போது வண்டி உதறி, பெடல் முழுவதும் மேலே வந்தவுடன் உதறல் நின்றுவிடுமாயின், ஐயம் கிளட்சையும் அதைச் சுற்றியுள்ள தாங்கிகளையும் சாரும். இதன் அடிப்படையை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு மரக்கட்டையில் ரப்பர் பட்டையை மாட்டி மேசைமீது மெதுவாக இழுத்தால் கட்டை சீராக நகர்வதில்லை. பட்டை நீள்கிறது, கட்டை சட்டென்று பாய்கிறது, மீண்டும் நின்றுவிடுகிறது. அசையாத பரப்புகளுக்கிடையே உள்ள உராய்வு, வழுக்கிச் செல்லும் பரப்புகளுக்கிடையே உள்ள உராய்வைவிட மிகுதி என்பதே காரணம். கரும்பலகையில் சுண்ணக்கட்டி கீச்சிடுவதும், வில் இழுக்கப்படும் வயலின் தந்தி ஒலிப்பதும் இந்த ஒட்டி-வழுக்கும் இயக்கத்தினாலேயே.

கிளட்சில் மரக்கட்டையின் இடத்தில் இருப்பது உராய்வுத் தகடு. ரப்பர் பட்டையின் வேலையைச் செய்பவை முறுக்கேறும் ஷாஃப்டுகளும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளும், பின்புற வில்களுமாகும். தகடு சீராக வழுக்கிப் பற்றினால் வண்டி வழுவழுப்பாகக் கிளம்பும். வழுக்கும் வேகம் குறையக் குறைய உராய்வு ஏறுமாயின், தகடு பற்றுவதும் விடுவதுமாக மாறி மாறி இயங்கி, வினாடிக்குப் பத்து முதல் இருபது முறை வரை வண்டியைக் குலுக்குகிறது.

உராய்வு இவ்வாறு கெடுவதற்கு முதற் காரணம் எண்ணெய். எஞ்சினின் பின்முனையிலிருந்தோ கியர் பெட்டியின் முன்முனையிலிருந்தோ சிறிதளவு எண்ணெய் கசிந்து தகட்டின்மேல் தெறித்தால் போதும். பழைய எஞ்சின்கள் சிலவற்றில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் புரிவெட்டு மட்டுமே உண்டு. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எஞ்சினுக்குள் அழுத்தம் கூடும்போது, இப்புரிவெட்டு எண்ணெயைத் தடுக்க வல்லதாய் இராது. ஆகவே புகை கக்கும் பழைய எஞ்சினும் உதறும் கிளட்சும் சேர்ந்து காணப்படுவது வியப்பன்று. கிளட்சை மூடியுள்ள பெல் ஹவுசிங்கின் அடியில் பல கார்களில் ஒரு சிறு துளையும், அது அடைபடாதபடி ஆடும் ஸ்பிளிட் பின்னும் இருக்கும். அங்கு விரலால் தொட்டுப் பார்த்தால், பெட்டியை இறக்காமலேயே செய்தி கிடைத்துவிடும். கருத்து மெலிந்த எண்ணெய் எஞ்சினுடையது. தடித்து, கந்தக நெடியுடையது கியர் எண்ணெய். (கியர் பெட்டிக்கும் எஞ்சின் எண்ணெயையே ஊற்றும் கார்களும் உண்டாதலால், வண்டியின் கையேட்டைப் பார்த்த பின்னரே இம்முடிவுக்கு வரவேண்டும்.)

எண்ணெய் ஊறிய தகட்டைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் பொருத்தும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. இது போலிச் சிக்கனம். நுண்துளைகளில் தங்கிய எண்ணெய் முதல் மேட்டிலேயே சூடேறி வெளிவரும். தகட்டை மாற்றுவதே முறை. அதற்கு முன் கசிவை நிறுத்துவதும் இன்றியமையாதது. பழைய தகடுகளின் உராய்வுப் பட்டைகளில் கல்நார் கலந்திருத்தல் கூடும். அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஆகவே பெல் ஹவுசிங்கைத் திறந்தவுடன் காற்றுக்குழாயால் ஊதுவதும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை மூடிய பையிலிட்டு அகற்ற வேண்டும். பயிற்சி மாணவர் சூழ நிற்கும் இடத்தில் இதில் தளர்ச்சி காட்டலாகாது.

இரண்டாவது காரணம் வெப்பம். மலைப்பாதையில் அடிக்கடி நின்று கிளம்பும் வண்டியிலும், பெடலின்மீது எப்போதும் கால் வைத்திருக்கும் ஓட்டுநரின் வண்டியிலும் தகடு வழுக்கிக்கொண்டே இருக்கும். ஃபிளைவீலில் நீலம் பாரித்த திட்டுகள் தோன்றும். தகட்டின் முகம் கண்ணாடிபோல் மினுக்கேறும். இத்தகைய உதறல் காலையில் குறைந்தும், பலமுறை கிளம்பியபின் மிகுந்தும் இருக்கும். இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. மழைக்காலத்தில் இரவு முழுதும் வெளியில் நின்ற வண்டி காலையில் நாலைந்து முறை உதறிவிட்டுப் பிறகு சரியாகிவிடும். இரும்புப் பரப்பில் படிந்த ஈரமும் மெல்லிய துருவுமே அதற்குக் காரணம். அதற்காக எதையும் கழற்ற வேண்டியதில்லை.

தகட்டில் குறையே இல்லாமலும் உதறல் வரலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தால், கிளட்ச் பற்றும் கணத்தில் எஞ்சினே ஒருபுறம் எழும்பித் தாழ்கிறது. அந்த அசைவு கிளட்சை இயக்கும் கம்பிகளை இழுத்துத் தளர்த்துவதால் கிளட்ச் தானாகவே விட்டுவிட்டுப் பற்றத் தொடங்கும். இதைக் கண்டறியும் சோதனை எளிது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துக் கட்டி, பானெட்டைத் திறந்து வைக்க வேண்டும். ஒருவர் முதல் கியரிலும் பின்னர்ப் பின்கியரிலும் கிளட்சை மிகச் சிறிது மட்டும் விட, மற்றவர் வண்டியின் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ நிற்கலாகாது. எஞ்சின் சிறிது சாய்வது இயல்பு. ஒருபுறம் ரப்பரைவிட்டு விலகி எழுமாயின் அம்மவுண்டிங் கிழிந்தது என்பது உறுதி. முன்கியரில் ஒரு விதமாகவும் பின்கியரில் வேறு விதமாகவும் உதறும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. ஏனெனில் திசை மாறும்போது எஞ்சின் சாயும் பக்கமும் மாறுகிறது. பின் அச்சைப் பட்டைவில்களோடு இணைக்கும் ‘யூ’ வடிவ போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் அச்சு முறுக்கிக்கொண்டு இதே விளைவைத் தரும். மவுண்டிங்கின் விலையும் நட்டை இறுக்கும் கூலியும் கிளட்ச் வேலையின் செலவில் ஒரு சிறு பகுதியே.

எஞ்சின் வேடமிடும் உதறல்

மேட்டில் ஏறும்போது மட்டும் தோன்றி, சீரின்றி விட்டுவிட்டு வரும் குலுக்கல் பெரும்பாலும் எஞ்சினிலிருந்தே வருகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை உந்துகிறது. நிமிடத்திற்கு 1,500 சுற்றில் அது வினாடிக்கு 50 உந்துதல். அவற்றுள் ஒரு சிலிண்டர் மட்டும் தவறினால் வினாடிக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று இடைவெளிகள் உண்டாகும். இது கிளட்ச் உதறலின் எண்ணிக்கையை ஒத்திருப்பதால் ஏமாறுவது எளிது. பிளக், பிளக் கம்பி, பாயிண்ட் ஆகியவற்றை முதலில் பார்ப்பதில் செலவு ஏதும் இல்லை. சுமையின்றி நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடுவதை மட்டும் நம்பிவிடலாகாது. வலுவற்ற பொறி சுமை ஏறும்போதே தவறும்.

குறையல்லாத உதறலும் ஒன்று உண்டு. டாப் கியரில் 20 கி.மீ. வேகத்தில் வண்டியைத் தள்ளாடவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் எந்த வண்டியும் உதறும். கீழ்க் கியருக்கு மாற்றுவதே அதற்கு மருந்து.

வேகத்தோடு வரும் உதறல்

சமதளத்தில் குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, அதைக் கடந்தவுடன் மறையும் உதறலே கணக்குக்கு நன்கு கட்டுப்படுவது. ஒரு காரின் சக்கரம் ஒருமுறை சுழலும்போது 2 மீட்டர் செல்வதாகவும், அதன் டிஃபரன்ஷியல் விகிதம் 4.5 எனவும் கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. என்பது வினாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். எனவே சக்கரம் வினாடிக்கு 8.3 சுற்றும், ஷாஃப்ட் 37.5 சுற்றும் சுழலும். டாப் கியரில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகமாதலால், எஞ்சின் நிமிடத்திற்கு 2,250 சுற்றில் இருக்கும். வினாடிக்கு எட்டு முறை வரும் குலுக்கல் டயர் அல்லது சக்கரத்தினுடையது. ஸ்டீரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரம் எனக் கொள்வது பெரும்பாலும் பொருந்தும். வினாடிக்கு 37 முறை வருவது குலுக்கல் என்பதைவிடத் தரையில் எழும் கனத்த அதிர்வாகவே உணரப்படும். அது ஷாஃப்டின் சமநிலைக் கேடு.

எண்ணிக்கையை அறியக் கைப்பேசி உதவும். அதிலுள்ள முடுக்கமானியின் அளவீட்டை அதிர்வெண்ணாகக் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. வண்டியின் தரையில் கைப்பேசியை அசையாது பொருத்தி, ஓட்டுநரல்லாத ஒருவர் பார்த்துக் குறிக்க வேண்டும். கருவி வினாடிக்கு 100 முறை அளக்குமானால், 50-க்கு மேற்பட்ட அதிர்வெண்ணை அது சரியாகக் காட்டாது என்பதையும் மாணவர்க்கு விளக்க வேண்டும்.

கருவி இல்லாதோர்க்குக் கியர் ஒன்றே போதும். டாப் கியரில் 60 கி.மீ. வேகத்தில் உதறும் வண்டியை, அதே வேகத்தில் மூன்றாம் கியருக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். உதறல் மாறாமல் இருந்தால் காரணம் கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ளது. ஏனெனில் ஷாஃப்டின் வேகமும் சக்கரத்தின் வேகமும் மாறவில்லை. உதறல் மறைந்து, மூன்றாம் கியரில் ஏறத்தாழ 40 கி.மீ. வேகத்தில் மீண்டும் தோன்றினால் அது எஞ்சினின் சுற்றைப் பின்பற்றுகிறது. காரணம் முன்னால் உள்ளது. மூன்றாம் கியரின் விகிதம் 1.5 என்ற கணக்கில் இது சொல்லப்பட்டது. இரண்டு நிமிடச் சோதனையால் வண்டியின் பாதியை விசாரணையிலிருந்து நீக்கிவிட முடிகிறது.

டிஃபரன்ஷியல் விகிதம் தெரியாத வண்டியில் அதையும் கையாலேயே காணலாம். தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி உறுதியான தாங்கியில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை விட வேண்டும். ஷாஃப்டில் சுண்ணக்கோடு இட்டு, அச்சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் சுழலும் எண்ணிக்கையே விகிதம். ஒரு சுற்று ஏன் போதாது என்று மாணவரைக் கேட்பது நன்று. மறுபக்கச் சக்கரம் அசையாதிருப்பதால், டிஃபரன்ஷியலின் கூடு தூக்கிய சக்கரத்தின் பாதி அளவே சுழல்கிறது என்பது விடை.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யூனிவர்சல் ஜாயிண்ட், 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த இணைப்பே. சாய்கோணத்தில் இயங்கும்போது அது ஒரு விந்தையான குணத்தைக் காட்டுகிறது. ஒரு முனை சீராகச் சுழன்றாலும் மறுமுனை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளர்கிறது. கோணம் 5 பாகையாயின் இவ்வேறுபாடு கூடவும் குறையவும் 0.4 சதவிகிதமே, 10 பாகையில் 1.5, 20 பாகையில் 6-க்கும் மேல். இரு இணைப்புகளும் சமகோணத்தில் இருந்து, ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைந்தால், ஒன்றின் கோணலை மற்றொன்று நேர்செய்துவிடும்.

‘பழுது பார்த்த பிறகுதான் உதறுகிறது’ என்ற முறையீட்டுக்கு விடை இங்கேதான் உள்ளது. நழுவும் பல்வரிகள் உள்ள ஷாஃப்டைக் கழற்றி மீண்டும் செருகும்போது ஒரு பல் தவறினாலும் கவைகளின் தளம் மாறிவிடும். கழற்றுவதற்கு முன்னர் இரு பகுதிகளிலும் ஒரு நேர்கோடு வரைந்துகொண்டால் இத்தவறு நேராது. ஜீப்பில் கூடுதல் பட்டை வைத்து வில்லை உயர்த்துவோரும் தாம் அறியாமலே ஷாஃப்டின் கோணத்தைக் கூட்டிவிடுகின்றனர்.

இணைப்பின் மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் தூள் காணப்பட்டால், உள்ளே ஊசி பேரிங்குகள் கிரீஸின்றித் துருவேறிவிட்டன என்பது பொருள். கியரை மாற்றிக் கிளட்சை விடும்போது ‘டக்’கென்ற ஓசையும் எழுமாயின் அவ்வண்டியை மேற்கொண்டு ஓட்டலாகாது. முன் இணைப்பு ஓடும்போது ஒடிந்தால் ஷாஃப்டின் முனை சாலையில் ஊன்றி வண்டியைத் தூக்கிவிடக் கூடும். கிளட்ச் உதறலோடு ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளலாம். இதனோடு ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. மாருதி 800 போன்ற முன்சக்கர உந்து வண்டிகளில், வேகம் கூட்டும்போது உதறி விடும்போது நின்றால் உட்புற இணைப்பையும், வளைவில் ‘டிக் டிக்’ என்றால் வெளிப்புற இணைப்பையும் பார்க்க வேண்டும்.

தானியங்கிக் கியர் வண்டிகள்

கிளட்ச் பெடல் இல்லாத வண்டிகளில், எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே எண்ணெயின் வாயிலாக ஆற்றலைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ளது. எண்ணெயில் ஆற்றல் வீணாவதைத் தடுக்க, சீரான ஓட்டத்தில் இரு பகுதிகளையும் நேராகப் பிணைக்கும் பூட்டு கிளட்ச் ஒன்றை அதனுள் அமைத்தனர். அமெரிக்காவின் பாக்கார்ட் நிறுவனம் 1949-இலேயே இதை வெளியிட்டது. கிரைஸ்லர் 1978 மாதிரி வண்டிகளில் அமைத்தபின் இது பரவலாயிற்று. இந்தக் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியே இயங்குகிறது. எண்ணெயில் கலந்துள்ள உராய்வு திருத்திகள் காலப்போக்கில் சிதைந்தால், மேலே கண்ட அதே ஒட்டி-வழுக்கும் இயக்கம் இங்கும் தலைகாட்டும். மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில், ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்திருக்கையில், வரிவரியான மேடுகளின்மேல் ஓடுவதுபோன்ற உணர்வு ஓரிரு வினாடிகள் தோன்றும். அவ்வேளை வலது காலை எடுக்காமல், இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டால் பூட்டு விடுபடும். உதறலும் உடனே நின்றால் காரணம் அதுவே. பின்னால் வண்டிகள் இல்லாத சாலையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

இந்நிலையில் கன்வெர்ட்டரை மாற்றுமுன் எண்ணெயை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை. அடித்தட்டிலிருந்து வடிக்கும்போது வெளிவருவது மொத்த எண்ணெயில் ஒரு பகுதியே. எஞ்சியது கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கும். ஆதலால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை வடித்து நிரப்பினால்தான் முழுப்பயன் தெரியும். கையேட்டில் குறித்துள்ள வகை எண்ணெயையே ஊற்ற வேண்டும். பட்டையால் இயங்கும் தொடர்விகிதப் பெட்டிக்குரிய எண்ணெய் இதற்கு ஆகாது; இதற்குரியது அதற்கும் ஆகாது. வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்கும்போது, கருகிய நெடியோடு கரும்பொடி படியுமாயின், உராய்வுப் பட்டையே தேய்ந்து கரைந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அத்தகைய வண்டிக்கு மட்டுமே பெட்டியை இறக்கும் வேலை தேவைப்படுகிறது.